இந்த வருடம் பிலாத்து நான்: அந்த விசாரணைக்கு என்னதான் அர்த்தம்?

குமாஸ்தா, மணப்பாறை

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் மணப்பாறைப் பக்கம். ஈஸ்டர் முடிந்ததும் இரண்டு இரவு பாஸ்கா, அதாவது இயேசு பட்ட பாடுகளைக் காட்டும் நாடகம், நடக்கும். சின்ன வயதிலிருந்து நான் கூட்டத்தில் ஒருவன். "சிலுவையில் அறையும்" என்று நாலு தடவை கத்திவிட்டு, மேடைக்குப் பின்னால் போய் டீ குடிப்பதோடு என் பங்கு முடிந்துவிடும். இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்கிற ரோம ஆளுநன் பிலாத்து, அந்த வேடம் எங்கள் பெரியப்பாவுடையது. போன ஐப்பசியில் அவர் தவறிவிட்டார். உயரமும் தொண்டையும் சரியாக இருக்கிறது என்று நாடக வாத்தியார் அந்தச் சிவப்பு அங்கியையும் வசன நோட்டையும் என் கையில் கொடுத்துவிட்டார். நோட்டின் ஓரத்தில் பெரியப்பா பென்சிலால் "இங்கே நிறுத்து", "இங்கே எழுந்திரு" என்று குறித்து வைத்திருக்கிறார்.

எனக்குத் தொழில் வக்கீல் குமாஸ்தா. பத்தொன்பது வருடம். கேஸ் கட்டு சேர்ப்பது, வாய்தா தேதி குறிப்பது, நகல் மனு போடுவது, டவாலி மூன்று முறை பெயர் கூப்பிடுவதற்குள் கட்சிக்காரரை டீக்கடையிலிருந்து இழுத்து வருவது. அதனாலோ என்னவோ, வசனம் மனப்பாடம் செய்ய உட்கார்ந்தவன் நான்கு நற்செய்திகளையும் விரித்து வைத்து, கேஸ் கட்டு படிக்கிற மாதிரி படிக்க ஆரம்பித்துவிட்டேன். பெரிய வெள்ளிதோறும் காதில் விழுகிறதுதான். இப்படிப் படித்ததில்லை.

படித்தால் தலை சுற்றுகிறது. இரவில் இயேசுவைக் கைது செய்கிறார்கள். முதலில் அன்னா வீடு. அந்த வருடம் தலைமைக் குரு அவர் இல்லை, கயபா. கயபாவுக்கு மாமனார், முன்பு தலைமைக் குருவாக இருந்தவர், அவ்வளவுதான் அன்னாவின் தகுதி. அப்புறம் கயபா வீட்டில் சாட்சிகள் வருகிறார்கள். ஒருவன் சொன்னது இன்னொருவன் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை என்று மாற்கு எழுதுகிறார். சாட்சி உடைந்தால் கேஸ் உடைய வேண்டும். இங்கே தலைமைக் குருவே எழுந்து, நிற்கிறவர் வாயிலிருந்தே வாக்குமூலம் பிடுங்குகிறார். அங்கே குற்றம் இறைநிந்தனை. விடிந்து பிலாத்துவிடம் கொண்டுபோனதும் செக்ஷன் மாறிவிடுகிறது: மக்களைக் கெடுக்கிறான், சீசருக்கு வரி கட்டாதே என்கிறான், தன்னை அரசன் என்கிறான். லூக்கா 23 எடுத்துப் பாருங்கள். ரோமனுக்கு இறைநிந்தனையைப் பற்றி என்ன கவலை? ராஜதுரோகம் என்று போட்டால்தான் கட்டு நகரும். எங்கள் வராந்தாவில் நடக்காததா!

கலிலேயன் என்று கேள்விப்பட்டதும் பிலாத்து, கலிலேயாவை ஆண்ட ஏரோதுவிடம் அனுப்புகிறான். எல்லை எனக்கு வராது என்று கட்டைத் தள்ளிவிடுகிற அதே வேலை. ஏரோது பளபளப்பான ஆடையைப் போட்டுக் கேலி செய்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறான். அதற்குப் பிறகு பிலாத்து சொல்வதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் நோட்டில் இப்படி இருக்கிறது: "இவனிடம் குற்றமொன்றும் காணேன், ஆகவே தண்டித்து விடுவிப்பேன்." குற்றம் இல்லை, ஆகவே தண்டிக்கிறேன். அந்த 'ஆகவே'யை மேடையில் எந்தக் குரலில் சொல்வது?

இத்தனைக்கும் இயேசு பேசவில்லை. முழுக்கப் பேசவில்லை என்றும் சொல்ல முடியாது. அன்னா வீட்டில், என்னை ஏன் கேட்கிறீர், நான் பேசியதைக் கேட்டவர்களைக் கேளும் என்கிறார். சாட்சியைக் கூப்பிடு என்று அர்த்தம். எங்கள் சீனியர் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லமாட்டார். அறைந்த காவலனிடம், தவறாகப் பேசியிருந்தால் எது தவறு என்று காட்டு என்கிறார். அப்படி நியாயம் பேசத் தெரிந்தவர், விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற பிலாத்து முன்னால் போய் வாயை மூடிக்கொள்கிறார்.

அப்படி ஒன்றை நேரில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஆறு வருடம் இருக்கும். வரப்புத் தகராறு, அடிதடி கேஸ். கூண்டில் ஒரு பெரியவர், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். பதில் இல்லை. காது கேட்கவில்லையோ என்று டவாலி பக்கத்தில் போய்ச் சத்தமாகக் கேட்டார். பெரியவர் அவரைப் பார்த்தார், நீதிபதியைப் பார்த்தார், அவ்வளவுதான். நீதிபதி பேனாவை மூடி வைத்தார். எப்போதும் சந்தை மாதிரி இருக்கிற ஹாலில் மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. சம்பந்தமே இல்லாத நான் என் கையிலிருந்த கட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். பேசினால் மகன் உள்ளே போவான், அதனால்தான் என்று அப்புறம் டீக்கடையில் சொன்னார்கள். உண்மையோ என்னவோ.

சரி, கேள்விக்கு வருகிறேன். பாவத்துக்காக அவர் சாக வேண்டும் என்பதுதான் விஷயம் என்றால், காய்ச்சலில் செத்திருக்கலாம், கப்பல் கவிழ்ந்து செத்திருக்கலாம். எதற்கு ஒரு விசாரணை, அதுவும் இவ்வளவு கோணலான விசாரணை? சிலுவைப்பாதையில் பதினான்கு நிலைகளில் முதல் நிலையே தீர்ப்புதான். விசுவாசப் பிரமாணத்தில் இயேசுவைத் தவிர இரண்டே மனிதர்களின் பெயர் வருகிறது. ஒன்று மாதா, இன்னொன்று இந்த ஆள். வாராவாரம் உலகம் முழுக்க அவன் பெயரைச் சொல்கிறோம். எல்லாம் மேலே முன்பே தீர்மானமானது என்றால் பிலாத்து மேல் என்ன குற்றம்?

பங்குச்சாமியிடம் கேட்டேன். "நம்ம பாவத்துக்காகத்தான்பா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அவரைக் குறை சொல்லவில்லை, அன்றைக்கு அவருக்கு மூன்று கிளைக்கிராமத்தில் பூசை.

ஓய்வு பெற்ற தமிழாசிரியை, பாளையங்கோட்டை

தம்பி, ஸ்தோத்திரம். நான் சி.எஸ்.ஐ., எங்கள் அப்பா உபதேசியார். இயேசுவுக்குப் பதிலாகப் பிலாத்து விடுவித்த கைதியை நீங்கள் பரபா என்பீர்கள், நாங்கள் பரபாஸ் என்போம், கயபாவைக் காய்பா என்போம், தலைமைக் குருவைப் பிரதான ஆசாரியன் என்போம், ஆள் ஒன்றுதான்.

உங்கள் பெரியவர் கதையிலேயே பாதிப் பதில் இருக்கிறது, நீங்கள்தான் "உண்மையோ என்னவோ" என்று தள்ளிவிட்டீர்கள். ஏசாயா 53-ஐ எடுங்கள். "தன்னை மயிர்கத்தரிக்கிறவனுக்கு முன்பாகச் சத்தமிடாதிருக்கிற ஆட்டைப்போலவும், அவர் தம்முடைய வாயைத் திறவாதிருந்தார்." அப்போஸ்தலர் நடபடிகளில் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டு, இது யாரைப் பற்றி என்று பிலிப்புவைக் கேட்கிறானே, அதே பகுதி. வாதாடி ஜெயித்திருந்தால் அவர் இறங்கிப் போயிருப்பார், பரபாஸ் ஏறியிருப்பான். "நமக்காக" என்பதை நாம் பாட்டில் பாடுகிறோம். கணக்குப் போட்டு, பெயர் சொல்லி, "எனக்குப் பதிலாக" என்று சொல்லக்கூடிய முதல் ஆள் அந்தக் கொலைகாரன்தான். அன்று காலையில் அவன் ஜெயிலிலிருந்து வெளியே வந்து வெயிலில் நின்றபோது என்ன நினைத்திருப்பான் என்று பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் உட்கார்ந்து பல வருடம் யோசித்திருக்கிறேன். வேதம் ஒரு வரி சொல்லவில்லை.

பரபாஸ் என்றால் அரமேயிக்கில் "அப்பாவின் மகன்". மத்தேயுவின் சில பழைய பிரதிகளில் அவன் பெயரே "இயேசு பரபாஸ்" என்று இருக்கிறது. பிதாவின் குமாரன் இரண்டு பேர் நிற்கிறார்கள், யார் வேண்டும் என்று கேட்கிறார்கள். தமிழ் வாத்தியார் புத்தி, இதையெல்லாம் விட முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாற்கு எழுதியிருக்கிற விதத்தைக் கவனித்தீர்களா? உள்ளே பிரதான ஆசாரியன் கேட்கிறான், இவர் "நான் அவர்தான்" என்கிறார். அதே நேரம் கீழே முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருக்கிற பேதுருவை ஒரு வேலைக்காரப் பெண் கேட்கிறாள், அவன் "அறியேன்" என்கிறான். இரண்டு விசாரணை. ஒன்றில் நீதிபதி பிரதான ஆசாரியன், இன்னொன்றில் நீதிபதி வேலைக்காரி. உண்மை சொன்னவருக்கு மரணம், பொய் சொன்னவனுக்கு விடுதலை. ஏன் விசாரணை என்று கேட்டீர்களே, காய்ச்சலில் செத்திருந்தால் யார் யார் என்ன என்று வெளியே வந்திருக்காது. கூண்டில் நின்றவரைத் தவிர மற்ற எல்லார் குற்றமும் அன்று இரவு பதிவாகிவிட்டது.

பிலாத்து குற்றவாளிதான், தம்பி. ஆதியாகமத்தில் யோசேப்பு தன்னைக் குழியில் தள்ளிய அண்ணன்மாரிடம், "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ" அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்றான். அதனால் குழியில் தள்ளியது சரியென்று ஆகிவிடுமா? தீர்ப்பின்போது பிலாத்து கை கழுவுகிறானே, அது ரோமன் வழக்கம் இல்லை, உபாகமம் 21-இல் உள்ள யூத வழக்கம். வெளியில் ஒரு பிணம் கிடக்கிறது, கொன்றவன் தெரியவில்லை. பக்கத்து ஊர் மூப்பர்கள் கை கழுவி, எங்கள் கை சிந்தவில்லை, எங்கள் கண் காணவில்லை என்று சொல்ல வேண்டும். இவன் கண் எல்லாவற்றையும் கண்டது. அந்தச் சடங்கில் பாதியைத்தான் இவன் செய்ய முடியும்.

வைகைக்கரை

அண்ணே, நான் சைவம், மதுரை. உங்கள் பாஸ்கா பார்த்ததில்லை. ஆனால் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது பிட்டுக்கு மண் சுமந்த கதை. வைகையில் வெள்ளம், வீட்டுக்கு ஒரு ஆள் கரை அடைக்க வர வேண்டும் என்று உத்தரவு. ஆளில்லாத வந்திக் கிழவிக்காக உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு சொக்கன் மண் சுமக்க வருகிறான். வேலை செய்யாமல் தூங்குகிறான் என்று பாண்டியன் பிரம்பால் ஒரு போடு போடுகிறான். அந்த அடி ராஜா முதுகில், ராணி முதுகில், ஊரில் உள்ள எல்லார் முதுகிலும் விழுகிறது. ஆவணி மூலத்தில் இன்றைக்கும் நடத்துகிறோம்.

எங்கள் கதையில் அவர்மேல் விழுந்த அடி எல்லார் மேலும் விழுந்தது. உங்கள் கதையில் எல்லார் மேலும் விழ வேண்டியது ஒருத்தர் மேல் விழுந்தது என்கிறீர்கள். தலைகீழ். ஆனால் இரண்டிலும் அடிக்கிறவனுக்கு யாரை அடிக்கிறோம் என்று தெரியாது. எங்கள் பாண்டியனுக்கு உடனே முதுகில் உறைத்துவிட்டது, திருந்திவிட்டான். உங்கள் பிலாத்துக்கு உறைத்ததா என்று தெரிந்துகொள்ள ஆசை.

குமாஸ்தா, மணப்பாறை

டீச்சர், பாதிச் சடங்கு என்றீர்களே, அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் போய் உட்கார்ந்திருந்தேன். எங்கள் நோட்டில் அந்தக் கட்டத்துக்கு ஒன்றரைப் பக்கம் வசனம். பிலாத்து அழுகிறான். "பாதகர்களே, யூதர்களே" என்று கூட்டத்தைத் திட்டுகிறான். பெரியப்பா அதைச் சொல்லும்போது ஊரே அழும். எனக்கு அதைப் படித்தால் இப்போது வாய் கூசுகிறது.

மதுரைத் தம்பிக்கு: உறைத்த மாதிரி தெரியவில்லை. சிலுவைக்கு மேல் வைத்த பலகையில் "யூதர்களின் அரசன்" என்று எழுதியதை மாற்றச் சொன்னபோது மட்டும் "நான் எழுதியது எழுதியதே" என்று முறுக்கிக்கொள்கிறான். ஆளைக் காப்பாற்ற வராத வீராப்பு எழுத்தில் வருகிறது. ஆபீஸ்களில் இந்த மாதிரி ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கல்வெட்டுக் கிறுக்கன்

நான் நம்பிக்கையாளன் இல்லை. முதுகலை வரலாறு, இப்போது போட்டித்தேர்வு வகுப்பு எடுக்கிறேன். அந்த அழுகிற பிலாத்துவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அவன் கற்பனை இல்லை. 1961-இல் யூதேயாவின் கடலோர நகரமான செசரியாவில் பழைய நாடக அரங்கைத் தோண்டியபோது ஒரு சுண்ணாம்புக்கல் கிடைத்தது. யாரோ பிற்காலத்தில் அதைப் படிக்கட்டுக்குப் போட்டிருக்கிறார்கள். அதில் பிலாத்துவின் பெயரும், யூதேயாவின் பிரீஃபெக்ட் (ஆளுநர்) என்ற பதவியும் லத்தீனில் பாதி அழிந்து இருக்கின்றன. கி.பி. 26 முதல் 36 வரை பதவியில் இருந்தவன். ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸும், பேரரசன் திபேரியு ஆட்சியில் பிலாத்துவால் கிறிஸ்து தண்டிக்கப்பட்டதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகிறார். ஆகவே விசாரணை எப்படி நடந்தது என்பதில் நான்கு நற்செய்திகளும் ஆளுக்கொரு விதமாகச் சொன்னாலும், தண்டனை கொடுத்தது ரோம் என்பதில் சந்தேகமில்லை. சிலுவை ரோமத் தண்டனை. அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் கொடுத்தது. இரண்டு பக்கமும் தொங்கியவர்களைத் 'திருடர்' என்று பழக்கத்தில் சொல்கிறோம். மாற்கும் மத்தேயுவும் போடுகிற கிரேக்கச் சொல் 'லெஸ்தேஸ்', வழிப்பறிக்காரன். அதே சொல்லைத்தான் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் ஆயுதம் எடுத்த கலகக்காரர்களுக்கும் போடுகிறார்.

இந்தப் பிலாத்து மனசாட்சியோடு மல்லுக்கட்டுகிற ஆளா? ஜோசபஸ் காட்டுகிற ஆள் வேறு. எருசலேமுக்குத் தண்ணீர்க் கால்வாய் வெட்டக் கோயில் பணத்தை எடுக்கிறான். மக்கள் கூச்சல் போட்டபோது, சாதாரண உடையில் சிப்பாய்களைக் கூட்டத்துக்குள் கலந்துவிட்டுத் தடியால் அடிக்கச் சொல்கிறான். கடைசியில் சமாரியர்களைக் கொன்ற விவகாரத்தில்தான் ரோமுக்குத் திருப்பி அழைக்கப்படுகிறான். லூக்கா 13-இல்கூட, பலி கொடுக்க வந்த கலிலேயரின் இரத்தத்தைப் பிலாத்து பலியோடு கலந்தான் என்று ஒரு வரி வருகிறது. பிரசங்கங்களில் யாரும் அதைத் தொடுவதில்லை. ரோம ஆட்சிக்குக் கீழே பிழைக்க வேண்டியிருந்த ஆரம்பகாலச் சபைக்கு, ரோம ஆளுநரைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டுவது வசதியாக இருந்திருக்கும் என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பிலாத்து நல்லவனாக ஆக, பழி முழுக்க யூதர் பக்கம் சாய்ந்தது.

அதற்கு விலை கொடுத்தது யார் என்று உங்களுக்கே தெரியும். ஜெர்மனியில் ஓபராமெர்காவ் என்று ஒரு மலைக்கிராமம். 1633-இல் கொள்ளைநோய் வந்தபோது, ஊர் பிழைத்தால் பாடுகளின் நாடகம் போடுகிறோம் என்று நேர்ந்துகொண்டு 1634-இல் தொடங்கினார்கள். பத்து வருடத்துக்கு ஒரு முறை இன்னும் நடக்கிறது. உங்கள் ஊர் மாதிரி ஊர்க்காரர்களேதான் நடிகர்கள். 1934-இல் முந்நூறாவது ஆண்டு ஆட்டத்துக்கு ஹிட்லர் வந்து உட்கார்ந்து பார்த்தான். அவனுக்கு அந்த நாடகத்தில் பிடித்ததே யூதக் கூட்டத்துக்கு நடுவில் உயர்ந்து நிற்கிற பிலாத்துவைத்தான். போருக்குப் பின் பல எதிர்ப்புகள் வந்து, வசனங்களைப் படிப்படியாக மாற்றினார்கள்.

உங்கள் திருச்சபையே 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், அன்றிருந்த யூதர் எல்லார் மேலும் வித்தியாசமின்றியோ இன்றைய யூதர் மேலோ இந்தப் பழியைப் போடக்கூடாது என்று எழுதி வைத்துவிட்டது. தாத்தா காலத்து நோட்டுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை போல.

இரவு டூட்டி

அண்ணா, குமரி மாவட்டம், கடற்கரை ஊர், கத்தோலிக்கக் குடும்பம். நான் நர்ஸ். புற்றுநோய் முற்றிய நோயாளிகளைப் பார்க்கிற வார்டில் வேலை. நீங்கள் விசாரணையைக் கேட்கிறீர்கள், எனக்குப் பாடுகளைப் பற்றித்தான் சொல்லத் தெரியும். வரலாறு எழுதியவர் அளவுக்குக் கோர்வையாக வராது.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். வலியில் கிடக்கிறவரிடம் வந்து, "இயேசுவின் பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுங்க" என்று சொல்லிவிட்டு ஜெபமாலை சொல்வார்கள். சொல்கிறவர்கள் நல்லவர்கள்தான். போன தவக்காலத்தில் ஒரு பெரியவர் இருந்தார். கட்டுமரக்காரர், வாயில் புற்று. மார்ஃபின் மாத்திரை கொடுத்தால் நாக்கால் வெளியே தள்ளிவிடுவார். ஏன் என்று கேட்டால் பேச முடியாது, சிலுவையைக் காட்டுவார். பார்க்க வந்த ஒருவர் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்: சிலுவையில் அறையும் முன் வெள்ளைப்போளம் கலந்த திராட்சை ரசத்தை ஆண்டவருக்குக் கொடுத்தார்கள், மயக்கம் தருகிற மருந்து, அதை அவர் குடிக்கவில்லை, மாற்கு 15-இல் இருக்கிறது என்று. வசனம் இருக்கிறதுதான், நானும் போய்ப் பார்த்தேன்.

எனக்கு அன்றைக்குக் கோபம் வந்துவிட்டது. யோவான் நற்செய்தியை எடுத்துக்கொண்டு போய் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கே ஆண்டவர் "தாகமாய் இருக்கிறது" என்று சொல்கிறார். கடற்பஞ்சில் புளித்த ரசத்தைத் தோய்த்து நீட்டுகிறார்கள். அதைக் குடிக்கிறார். அப்புறம்தான் "எல்லாம் நிறைவேறிற்று" என்கிறார். தாத்தா, அவரே கேட்டு வாங்கித்தானே குடிச்சார் என்று சொன்னேன். தினமும் நான் செய்கிற வேலை அது அண்ணா. விழுங்க முடியாதவர்களுக்குப் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் ஒற்றி எடுப்போம். உதடு வெடித்து ஒட்டிக்கொண்டிருக்கும், மெதுவாகச் செய்ய வேண்டும், இழுத்தால் தோல் வந்துவிடும். சிலுவையடியில் அதைச் செய்தது யார் என்று பெயர் இல்லை. சிப்பாயாகத்தான் இருக்க வேண்டும். பெரியவர் அன்றைக்கும் வாங்கவில்லை. மறுநாள் ராத்திரி இரண்டு மணிக்கு மணியை அடித்துக் கூப்பிட்டு, வாயைத் திறந்து காட்டினார்.

வலி நிவாரண மருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று 1957-லேயே பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் மயக்க மருந்து டாக்டர்களிடம் சொல்லிவிட்டார். அதை எங்கள் அன்பியக் கூட்டத்தில் சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

"என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி, அந்தச் சங்கீதம் நம்பிக்கையில் முடிகிறது, ஆகவே அவர் நம்பிக்கையோடுதான் சொன்னார் என்று ஒரு தியானத்தில் சாமியார் சொன்னார். இருக்கலாம். நான் அந்த நேரத்தில் கத்துகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். யாரும் அடுத்த வரியை நினைத்துக்கொண்டு கத்துவதில்லை. கடவுளே அப்படி ஒரு தடவை கத்தினார் என்றால், இங்கே கத்துகிறவர்களை விசுவாசமில்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. எனக்குப் பாடுகளின் அர்த்தம் அவ்வளவுதான். வலி நல்லது என்று அதில் எங்கேயும் எழுதவில்லை. வலித்தவர்களோடு அவர் கணக்குச் சேர்ந்துவிட்டார், அது மட்டும் எழுதியிருக்கிறது.

உங்கள் 'ஆகவே' பற்றி: சாட்டையடி முடிந்து கொண்டுவரும் கட்டத்தில் அந்த நடிகரை நிமிர்ந்து நடக்கவிடாதீர்கள். முதுகு கிழிந்தவர் எப்படி நிற்பார் என்று உங்கள் ஊர் ஆஸ்பத்திரி ஆயாவிடம் கேட்டாலே சொல்வார்.

குமாஸ்தா, மணப்பாறை

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரம் ஆகிவிட்டது, கோர்ட் வேலையும் ஒத்திகையுமாக ஓடிவிட்டது.

சிஸ்டர், உங்கள் பதிவை இயேசுவாக நடிக்கிற பையனுக்கு வாசித்துக் காட்டினேன். மினி பஸ்ஸில் கண்டக்டர், இருபத்திநாலு வயது. இவ்வளவு நாளும் சாட்டையடிக்குப் பிறகு சினிமா மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வருவான். இப்போது குனிந்து, ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு வருகிறான்.

யூதர் வசனத்தை எடுக்கலாமா என்று வாத்தியாரிடம் கேட்டேன். எழுபத்தைந்து வயது, லேசில் மாற்றமாட்டார். "உங்க பெரியப்பா சொன்ன வசனம்டா" என்றார். வத்திக்கான் சங்கத்தின் ஏட்டைப் பங்குச்சாமியிடம் வாங்கி வந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். கடைசியில், "பாதகர்களே" இருக்கட்டும், "யூதர்களே" வேண்டாம் என்றார். கூட்டத்தைப் பார்த்துச் சொல்லாமல் பார்வையாளர் பக்கம் திரும்பிச் சொல் என்றும் சொன்னார். அது அவராகச் சொன்னது. ஒன்றரைப் பக்கம் முக்கால் பக்கமாகிவிட்டது. அழுகை இல்லை. அழுகையை எடுத்ததில் எங்கள் பெரியம்மாவுக்கு வருத்தம்தான்.

'ஆகவே'யை என்ன செய்தேன் என்றால், ஒன்றும் செய்யவில்லை. கோர்ட்டில் உத்தரவு வாசிக்கிற மாதிரியே ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்துவிட்டேன். அதுதான் கேட்க மோசமாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். மேலிருந்து கொடுக்கப்படாவிட்டால் உமக்கு என்மேல் அதிகாரம் இராது, என்னை ஒப்புவித்தவனுக்குத்தான் பெரிய பாவம் என்று அவர் பிலாத்துவிடம் சொல்கிறாரே, அந்த இடத்தில் இயேசுவாக நடிக்கிற பையன் பக்கத்தில் போய் நின்றேன். பெரிய பாவம் இன்னொருவனுக்கு என்றால் சின்னது எனக்கு இருக்கிறது என்றுதானே அர்த்தம். என் கேள்விக்கு இருபது நூற்றாண்டுக்கு முன்னாலேயே அவர் பதில் சொல்லியிருக்கிறார், நான்தான் என் வசனத்தை மட்டும் படித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று ஒத்திகையில் கை கழுவும் கட்டம். செம்பில் தண்ணீர் ஊற்றுகிற பொடியன் ஊற்றினான், தாம்பாளம் நிறைந்தது, துண்டை நீட்ட வேண்டிய பொடியன் வரவில்லை. எங்கேயோ கபடி பார்க்கப் போய்விட்டான். நான் ஈரக் கையோடு நிற்கிறேன். அங்கியில் துடைக்கலாம் என்றால் அது வாடகை வெல்வெட். பையன் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறான், அவனுக்கு அங்கே வசனம் கிடையாது. எனக்கும் அடுத்த வரி மறந்துவிட்டது. முழங்கை வரை தண்ணீர் வழிந்து கீழே சொட்டுகிறது. வாத்தியார் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்து, "துண்டு வேண்டாம், அப்படியே போ" என்றார்.

ஈஸ்டர் முடிந்த வெள்ளி, சனி இரவு. பத்து மணி என்று நோட்டீஸில் போடுவார்கள், தொடங்கப் பதினொன்றரை ஆகும். மதுரைத் தம்பி வருவதாக இருந்தால் பாய் கொண்டு வாருங்கள், தரையெல்லாம் பருக்கைக்கல்.